மேவிபோசேத் வரை சொல்லுங்கள்

ஞாயிறு பள்ளியில் நட்பு என்றதும் தாவீது–யோனத்தான் கதையைத்தான் எடுப்போம். அம்பு எய்யும் இடத்தோடு பெரும்பாலும் முடித்துவிடுவோம். அம்பு அப்பால் விழுந்தால் தாவீது தப்பி ஓட வேண்டும் என்கிற அந்த ரகசிய ஏற்பாடு பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு அதற்கு முன்னும் பின்னும் நடப்பதுதான் பெரிதாகப் படுகிறது. அப்பா சவுல் ராஜாவுக்குப் பின் அரியணை யோனத்தானுக்கு வர வேண்டியது. அவனோ தன் சால்வை, பட்டயம், வில், கச்சை எல்லாவற்றையும் கழற்றி ஆடு மேய்த்த பையனிடம் கொடுக்கிறான்.

யோனத்தான் போரில் இறந்து வருடங்கள் கழித்து, தாவீது அவன் மகனைத் தேடுகிறார். ஐந்து வயதில் தாதி தூக்கிக்கொண்டு ஓடும்போது விழுந்து, இரண்டு காலும் முடமான மேவிபோசேத். தாத்தாவின் நிலம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. தினமும் ராஜாவோடு பந்தியில் சாப்பாடு.

திருச்செங்கோட்டுப் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. போர்வெல் போட ரிக் வண்டியோடு வெளிமாநிலம் போன அப்பாக்கள் மாதக்கணக்கில் வரமாட்டார்கள். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அப்பாவின் கூட்டாளிதான்.

“அந்த மாமா மாதிரிங்களா டீச்சர்?” என்றாள் ஒரு சின்னவள். ஆமாம் கண்ணு, அப்படியேதான்.

மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி (விபிஎஸ்) எடுப்பவர்களே, கதையை 2 சாமுவேல் 9 வரை கொண்டுபோங்கள். நேரம் போதாவிட்டால் கோலியாத் கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.