நாள்பட்ட நோயும் நம் உள்ளமும்

உடலுக்கு வந்த நோயைப் பற்றிப் பேச நாம் கூசுவதில்லை. சர்க்கரை எவ்வளவு, இரத்த அழுத்தம் எவ்வளவு என்று கல்யாணப் பந்தியிலும் பேசிக்கொள்கிறோம். ஆனால், அந்நோய் ஆண்டுக்கணக்கில் உடன் தங்கிவிடும்போது உள்ளம் என்ன பாடு படுகிறது என்பதை யாரும் கேட்பதில்லை, உற்றவர்களும் சொல்வதில்லை. தலைநகர் தில்லியில் 33 ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தி வருபவள் நான். அவற்றுள் 11 ஆண்டுகள் முடக்குவாதத்தோடு கழிந்திருக்கின்றன. இதுபற்றி நம் சங்க அன்பர்களிடம் மனம்விட்டுச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

முடக்குவாதம் என்பது முதுமையில் மூட்டு தேய்வதால் வரும் நோயன்று. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே வழிதவறி, மூட்டுகளின் உட்சவ்வைத் தாக்குவதால் வருவது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. இரு கைகளிலும் விரல் மூட்டுகள் ஒருசேர வீங்கும். காலையில் எழுந்ததும் நெடுநேரம் விறைத்து நிற்கும். என் பாட்டியார் இதைச் சரவாங்கி என்பார். இதை அடியோடு நீக்கும் மருந்து இன்றளவும் இல்லை. ஆயினும், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்ஸேட் முதலிய மருந்துகளால் அடக்கி வைக்கலாம். எனக்கும் அவ்வாறே அடங்கியிருக்கிறது.

ஆனால், இரத்தப் பரிசோதனைத் தாளில் ஏறாத கணக்கு ஒன்று உண்டு. கோலமாவை விரலிடுக்கில் பிடித்து இழைவிட முடியாமற்போனது அந்தக் கணக்கு. புடைவைக் கொசுவத்தை மடிக்க மகளை அழைத்ததும், அவள் பணிக்காகப் பெங்களூர் சென்றபின் அழைக்க ஆளின்றி நின்றதும் அந்தக் கணக்கு. இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரில் படியேறும் கூட்டத்தைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பியதும் அதில் சேரும். ஒவ்வொன்றும் சிறியதுதான். எல்லாம் சேர்ந்தபோது, நான் யாராக இருந்தேனோ அவளே கொஞ்சங் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போய்விட்டாள் போல் இருந்தது.

பார்க்க வந்தவர்கள் அன்பில் குறை வைத்தவர்கள் அல்லர். சென்னையிலிருந்து முடக்கற்றான் கீரையை ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தவர்களும் உண்டு. "மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டார்கள். "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டவர் இலர்.

கேட்டவர் ஓர் இளம் மருத்துவர். நான்கு ஆண்டுகளுக்கு முன், வழக்கமான சோதனை முடிந்தபின், "கடந்த இரண்டு வாரங்களில் எதையேனும் மகிழ்ச்சியோடு செய்தீர்களா?" என்று இந்தியில் வினவினார். காய்கறிக் கடையிலும் பேருந்திலும் எத்தனையோ ஆண்டுகள் கைகொடுத்த என் இந்தி, அன்று கைவிட்டது. வலிக்குச் சொல் தெரியும். துயரத்துக்கும் சொல் தெரியும். ஆனால், "வெறிச்சென்று இருக்கிறது" என்பதை எந்தச் சொல்லால் கூறுவது? அருகிலிருந்த என் கணவரிடம் தமிழில் சொன்னேன்: "எதிலும் மனம் செல்லவில்லை. காலையில் ஏன் விழிக்கிறோம் என்றிருக்கிறது. அவரிடம் சொல்லுங்கள்." அவர் இந்தியில் சொல்லத் தொடங்கினார், பாதியில் நின்றுவிட்டார். அதை அவரும் அப்போதுதான் முதன்முறையாகக் கேட்கிறார். மருத்துவர் எங்கள் இருவருக்கும் சிறிது நேரம் கொடுத்தார்.

இந்தச் சோர்வு எனக்கு மட்டும் உரியதன்று என்று பின்னர் அறிந்தேன். பல ஆய்வுகளைத் திரட்டி 2013இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, முடக்குவாதம் உடையவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் கடும் மனச்சோர்வுக்கு ஆளாகின்றனர் என்று கணக்கிட்டது. காரணம் விளங்காததன்று. வலி உறக்கத்தைக் கெடுக்கிறது. உறக்கமின்மை வலியைப் பெருக்குகிறது. சோர்ந்த மனம் நடையையும் பயிற்சியையும் கைவிடுகிறது. அசையாத மூட்டு மேலும் இறுகுகிறது. நோயும் துயரும் ஒன்றுக்கொன்று தூபம் போடுகின்றன.

எங்கள் எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாருக்கும் இதே நோய்தான். என்னைவிட அவருடைய விரல்கள் மிகுதியாகக் கோணிவிட்டன. ஆயினும் அவர் சிரித்துக்கொண்டே இருப்பார். வேண்டிய உதவியைத் தயங்காமல் கேட்பார். நானோ சிறுவயது முதலே நாளைய கவலையை இன்றே சுமப்பவள். எதையும் பிறர் கையில் விட மனம் ஒப்பாதவள். நோய் ஒன்றாயினும் வாழ்வு இரண்டாக இருக்கிறது. கவலைப்படும் இயல்பு மிகுந்தோர்க்கு அதே அளவு நோயிலும் துயரம் கூடுதல் என்பதை ஆய்வாளரும் கண்டுள்ளனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சிகாகோ நகரில் பணியாற்றிய பிரான்ஸ் அலெக்சாண்டர் என்ற உளவியல் அறிஞர், 1950இல் வெளியிட்ட நூலில், உள்ளத்துப் போராட்டத்தோடு பிணைந்த நோய்கள் என ஏழினை ஆராய்ந்தார். முடக்குவாதமும் அவற்றுள் ஒன்று. குறிப்பிட்ட மனப்போராட்டம் குறிப்பிட்ட நோயைக் கொணரும் என்னும் அக்கொள்கை பின்னாளில் நிலைபெறவில்லை. ஆயினும், "நீ கவலைப்பட்டுக் கவலைப்பட்டே இதை வரவழைத்துக்கொண்டாய்" என்று கூறும் உறவினர் இன்றும் உளர். அது பொருந்தாது. இயல்பு, நோயை எவ்வாறு சுமக்கிறோம் என்பதில் பங்கு கொள்கிறது. அது குற்றப்பத்திரிகை அன்று. எங்கே கைகொடுக்க வேண்டும் என்று காட்டும் குறிப்பு.

வாழ்க்கைத் தரம் என்பதை அளக்க உலக சுகாதார நிறுவனம் ஒரு வினாத்தாள் வகுத்தது. அதை உருவாக்குவதில் பங்குகொண்ட முதல் 15 மையங்களுள் சென்னையும் தில்லியும் இடம்பெற்றன என்பது நமக்குப் பெருமை. அதன் சுருக்க வடிவில் 26 வினாக்கள் உள்ளன. உடல், உள்ளம், உறவு, சூழல் என்னும் நான்கு பகுதிகளாக அவை அமைந்தவை. புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்த நான்கில் உறவும் சூழலுமே முதலில் மெலிகின்றன. ஊரில் என்றால் அத்தையோ சித்தியோ திண்ணையில் வந்து உட்காருவார்கள். இங்கே பூட்டிய கதவுகளும் மின்தூக்கியும்தான்.

அந்த மருத்துவர் என்னை மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பினார். நல்வாய்ப்பாக அவர் தமிழ் அறிந்தவர். எட்டு மாதங்கள் சென்றேன். நோய் போகவில்லை, என் இயல்பும் மாறவில்லை. ஆனால், கொசுவம் வைக்க எதிர்வீட்டு அம்மையாரை அழைக்கக் கற்றேன். அவர் கைக்கு வராத கோதுமை மாவை, என் கை தாங்கும் நாட்களில் நான் பிசைந்து தருகிறேன். காலை நடை மீண்டும் தொடங்கியிருக்கிறது. தமிழில் பேச ஆலோசகர் கிடைக்காதவர்கள், மைய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் பேச வசதி உண்டு.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் இறுதிக் குறளில், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறார் வள்ளுவர்: நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உடனிருந்து துணைபுரிபவர். முதல் மூன்றும் நகரத்தில் எளிதில் ஒன்றுகூடிவிடுகின்றன. நான்காவது கூறு, பெரும்பாலும், நாள் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வரும் ஒரே ஓர் ஆளாகவே இருக்கிறது. அந்த ஆளின் உள்ளமும் களைப்படையும்.

ஆகவே, அன்பர்களே, நம்மவர் வீட்டில் நாள்பட்ட நோய் இருப்பதாக அறிந்தால் ஒரு மாலை சென்று வாருங்கள். கீரை கொண்டு போவதும் நல்லதே. மருந்தைப் பற்றிக் கேட்டபின் மனத்தைப் பற்றியும் கேளுங்கள். நோயாளியிடம் ஒருமுறை, உடனிருப்பவரிடம் ஒருமுறை. விடை வரச் சற்று நேரமாகும். அதுவரை எழுந்துவிடாதீர்கள்.