கரை ஏறியவர்களின் ஊசி

அரியாங்குப்பத்தில் கடலூர் சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் வீராம்பட்டினம். வெளியூர்க்காரர்கள் இந்தப் பக்கம் வருவது பெரும்பாலும் 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அரிக்கமேட்டுக்காக. இல்லையென்றால் ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேருக்காக. நான் போனது மே மாத வெயிலில், வலை பார்க்கிறவர்களைப் பார்க்க.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. படகு கரையில் நிற்கும் அந்த நாட்களில்தான் வலைக்கு வைத்தியம். கூரைக்கடியில் உட்கார்ந்திருந்தவர்களில் அறுபதுக்குக் கீழே யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. மூத்தவருக்கு எழுபத்து மூன்றாம். "ஆதார்ல அப்படித்தான் போட்டிருக்கு தம்பி" என்றார்.

வலது கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். கிழிசலைத் தைக்கப்போகிறார் என்று பார்த்தால், கத்தியை எடுத்து ஓட்டையை இன்னும் பெரிதாக்கினார். பிய்ந்த நூல்களைக் களைந்து, வலைக் கண்களை ஒழுங்காக வெட்டினால்தான் ஒட்டுப் போட முடியுமாம். மூன்று இழை உயிரோடு நிற்கும் ஒரு முடிச்சில் தொடங்க வேண்டும். முடிப்பதும் அதேபோல் மூன்று இழை நிற்கும் முடிச்சில். இடையில் வருவதெல்லாம் இரண்டிரண்டு இழையாகப் பிடித்துப் போவது. தொடக்கம் தப்பினால் கடைசியில் ஒரு கண் மிஞ்சும், அல்லது குறையும். நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி உள்ளே போய்த் திரும்ப, இடது கைச் சுண்டுவிரல் ஒவ்வொரு கண்ணுக்கும் அளவு வைத்துக்கொண்டே வந்தது. அளவுப் பலகை எதுவும் பக்கத்தில் இல்லை.

"கண்ணாடி போடலையா ஐயா?"

"இருக்குது. தூரத்துல யாரு வர்றான்னு பாக்க."

சின்ன வயதில் பருத்தி நூல் வலையைப் பார்த்திருக்கிறார். மரப்பட்டைச் சாயம் காய்ச்சி முக்கி, காயவைத்து, அது இற்றுப்போவதற்குள் மறுபடி முக்குவார்கள். நைலான் வந்து அந்த வேலையை ஒழித்தது. அது நல்லதுதான் என்கிறார். சாயப் பானையைத் தூக்கியவருக்கு அந்தக் காலத்து ஏக்கமெல்லாம் இல்லை. அவர் வருத்தப்படுவது கட்டுமரத்துக்கு. கட்டுமரம் இருந்தவரை, வயதானாலும் துணைக்கு ஒருவரோடு கரையோரமாகப் போய்க் குழம்புக்குப் பிடித்து வரலாம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகின. என்ஜின், டீசல், நாலைந்து ஆள். தள்ளிக் கடலில் இறக்கத் தோள் வேண்டும். தோள் போனவருக்குப் படகில் பங்கு கிடையாது. கரையில் நாள் கூலியும், கறிக்குக் கொஞ்சம் மீனும்.

அவரோடு உட்கார்ந்திருந்தவரின் அண்ணன் முதலியார்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளியாக, மில்லில் இருந்தவர். புதுச்சேரிக்காரர்களுக்கு மில் என்றாலே 1936 ஜூலை 30 நினைவுக்கு வரும்: வேலை நேரத்துக்கும் சங்க உரிமைக்கும் நடந்த போராட்டத்தில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தார்கள். எட்டு மணி நேர வேலை அதற்குப் பிறகு வந்தது. முதலியார்பேட்டை ஏ.எஃப்.டி. பஞ்சாலையை 2020 ஏப்ரலில் மூடியபோதும், சேர வேண்டிய பாக்கியைக் கேட்டு நிற்கத் தொழிலாளிக்கு ஒரு வாசல் இருந்தது. வலைக்காரருக்கு அந்த வாசலும் இல்லை. மீனவர் முதியோர் உதவித்தொகை வருகிறது. ஆனால் அது கடலுக்குப் போகாதவனுக்கு இரங்கிக் கொடுப்பதாகவே பேசப்படுகிறது. இந்தக் கைகள் வேலையை நிறுத்தினால் ஜூன் 15 விடியற்காலையில் எத்தனை படகு போகும் என்று கணக்குப் போட்டால் அந்தப் பேச்சு அபத்தமாகத் தெரியும். இவர்களை ஓய்வு பெற்றவர்கள் என்று எழுத என் கை வரவில்லை.

இவர்கள் வீட்டுப் பெண்களுக்கு இந்தக் கரை ஏறுவது கூட இல்லை. அறுபத்தைந்திலும் கூடையோடு அரியாங்குப்பம் மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது தனியாக எழுத வேண்டிய கதை.

பையன்களுக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா? தெரியும், சிறு கிழிசலுக்கு. பெரிய கிழிசல் என்றால் அந்தத் துண்டையே வெட்டிப் போட்டுப் புது வலைத் துண்டை இணைத்துவிடுகிறார்கள். அதையும் குறை சொல்ல முடியவில்லை. ஒரு நாள் முழுக்கக் குனிந்து கிடைக்கும் கூலியை டவுனில் பெயிண்ட் வேலைக்குப் போனால் மதியத்துக்குள் சம்பாதித்துவிடலாம் என்றான் இந்த வலைகளுக்குச் சொந்தக்காரரான படகுக்காரரின் மகன். வெட்டிப் போட்ட நைலான் மட்கவும் மட்காது. கரையிலும் கடலிலும் கிடந்து நண்டையும் ஆமையையும் சிக்க வைக்கும். அந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

கூரையின் மூலையில் கைபடாத வலைகள் இன்னும் குவிந்து கிடந்தன. இருப்பவர்களை வைத்து ஜூன் 14-க்குள் முடியாது என்று படகுக்காரருக்குத் தெரியும். நல்லவாடு என்ற ஊரில் உறவினர் ஒருவர் நன்றாகக் கண் போடுவார் என்று கேள்விப்பட்டு ஆள் அனுப்பியிருந்தார். வருகிறவருக்கு வயது அறுபத்தெட்டு. போக வர ஆட்டோவும் மதியச் சோறும் தருவதாகப் பேச்சு.