கத்தி பட்டால் பரவுமா?



"மாரில் கட்டி வந்தால் கத்தி வைக்க விடாதே, கத்தி பட்டால் நோய் உடம்பெல்லாம் ஓடிவிடும்." நம் தோட்டங்களில் இந்தப் பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அது பிறந்த காரணம் எளிது. தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காததை யார் டாக்டரிடம் காட்டுகிறார்கள்? பற்றுப் போட்டு, கயிறு மந்திரித்துக் கட்டி, புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். அதற்குள் நோய் பரவியிருக்கும். பிறகு ஆள் போய்விட்டால் பழி கத்தியின்மேல்! மலேசியாவில் 2012 முதல் 2016 வரை கண்டறியப்பட்ட மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில் இருந்தவர்கள்.

மார்பையே எடுத்துவிடுவார்களே என்ற பயமும் உண்டு. ஒரு காலத்தில் அது உண்மைதான். ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்பகம், அடியிலுள்ள தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்தே எடுத்தார்கள். பலருக்குக் கை வீங்கிப் போனது. பின்னர் பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவரின் குழு 1976இல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 20 ஆண்டு கவனித்து 2002இல் வெளியிட்ட முடிவு இது: சிறிய கட்டியானால், அதை மட்டும் எடுத்தவர்களும் மார்பகம் முழுவதையும் எடுத்தவர்களும் உயிர் வாழ்ந்த அளவில் வேறுபாடில்லை. ஆனால் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர் சிகிச்சை பெறாதவர்களில் 100க்கு 39 பேருக்கு அதே மார்பில் மீண்டும் வந்தது. கதிர் பெற்றவர்களில் 14 பேருக்குத்தான்.

நமக்குச் சிக்கல் இந்தக் கதிர் சிகிச்சையில்தான். வழக்கமாக வாரத்துக்கு ஐந்து நாள், மூன்று முதல் ஆறு வாரம். அந்த இயந்திரமோ பெரிய பட்டணங்களில் இருக்கிறது.

என் மாணவன் ஒருவனின் தாயார், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குபவர், சென்ற ஆண்டு என்னைத் துணைக்கு அழைத்தார். "டாக்டர் பேசுற மலாய் முழுசா விளங்கல டீச்சர், நீங்களும் வாங்க" என்றார். டாக்டர் படம் வரைந்து இரண்டு வழியையும் காட்டினார். இவர் கேட்டது ஒன்றே: "முழுசா எடுத்துட்டா கதிர் வேணாமா?"

"நெறியில் நோய் இல்லையென்றால் பெரும்பாலும் வேண்டாம். இருந்தால் அப்போதும் வேண்டிவரலாம்" என்றார் டாக்டர்.

ஒரு வாரம் யோசித்து, முழுதாக எடுக்கவே சம்மதித்தார். தினமும் பஸ் ஏறினால் சம்பளம் போகும், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. 'அவசரப்பட்டாள்' என்று உறவினர் சிலர் முணுமுணுத்தனர். நான் அப்படி நினைக்கவில்லை. இரண்டையும் கேட்டுத் தானே முடிவெடுத்தார். அறைக்குள் அவள் இருக்க, வெளியே கொழுந்தனும் மாமனாரும் கூடி முடிவு சொல்வார்களே, அதுதான் எனக்குப் பிடிக்காதது.

கட்டி பெரிதாயிருந்தால் முதலில் மருந்து ஏற்றிச் சுருக்கிவிட்டு அறுப்பதும் உண்டு. எடுத்த சதையைச் சோதித்து, ஹார்மோனால் வளரும் வகை என்று தெரிந்தால் தமொக்சிஃபென் போன்ற மாத்திரை தருவார்கள். ஐந்து ஆண்டு, சிலருக்குப் பத்து ஆண்டு. உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் நிறுத்தக் கூடாது. நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

அந்த அம்மாவுக்கு நெறியில் நோய் இல்லை. கை விறைக்காமலிருக்க, சுவரில் விரல்களை எறும்புபோல் மேலே ஊர்ந்து ஏற்றும் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள். எட்டிய உயரத்தை வாரந்தோறும் மகன் பென்சிலால் சுவரில் கோடிட்டு வைக்கிறான். மாத்திரை இன்னும் நான்கு ஆண்டுக்கு இருக்கிறது.