ஆச்சி கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு சர்வர்

வீட்டுக்கு ஒரு நாஸ் பொட்டி வாங்கப் போறேன்னு சொன்னா ஆபீஸ்ல எல்லாரும் கேக்குற முதல் கேள்வி, "எத்தனை டிபி மச்சி?" எங்க வீட்ல முதல் கேள்வியே வேற. அதை எங்க வைக்கிறது? மடிப்பாக்கத்துல ரெண்டு பெட்ரூம் ஃபிளாட், அஞ்சு பேர். ரவுட்டர் இருக்கிறது ஹால்ல. ஆச்சி படுக்கிறதும் ஹால்லதான். ரவுட்டருக்கும் ஆச்சி தலைமாட்டுக்கும் நடுவுல மிஞ்சிப்போனா நாலடி.

ஒரு நண்பர் தன்னோட பொட்டியை ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். உள்ள 7200 சுற்று ஹார்ட் டிஸ்க் ரெண்டு. பகல்ல சத்தமே தெரியல. மறுநாள் காலைல காபியோட வந்தது புகார்: "இது என்னல, ராத்திரி பூரா எலி கரண்டுத மாதிரி சத்தம்?"

ஆச்சி சொன்னது ரொம்பச் சரி. அது ஃபேன் சத்தம் இல்ல. டிஸ்க்கோட தலை இங்கயும் அங்கயும் ஓடுற சத்தம். ஃபேன் சீரா 'ம்ம்ம்'னு ஓடினா பத்து நிமிஷத்துல காது மறந்துடும். இந்த 'கர்ர்க் கர்ர்க்' விட்டு விட்டு வரும், அதான் தூக்கத்தைக் கெடுக்கும். விளம்பரத்துல போடுற டெசிபலை மட்டும் பார்த்து வாங்கினா இது தெரியாது. டெசிபல் கணக்கே ஒரு மாதிரி ஏமாத்துக் கணக்குங்க. ஒரே அளவு சத்தம் போடுற ரெண்டு டிஸ்க்கைச் சேர்த்தா 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்காத் தோணணும்னா சுமாரா 10 கூடணும். ஆகவே டிஸ்க் ஒண்ணா ரெண்டாங்கிறதை விட, எந்த மாதிரி டிஸ்க், எது மேல வச்சிருக்கோம்ங்கிறதுதான் முக்கியம். மர ஷெல்ஃப் மேல வச்சா ஷெல்ஃபே மிருதங்கம் ஆயிடும். அடியில தடிமனா ஒரு ஃபோம் வச்சதும் பாதி சத்தம் போச்சு. மீதி பாதி போகல.

சரி, இந்தப் பொட்டி எங்களுக்கு எதுக்கு? சினிமாவுக்குன்னு நினைச்சா தப்பு. அப்பா மினிடிவி கேம்கார்டர்ல எடுத்த குடும்ப டேப்புங்க நாற்பது. தாத்தாவோட எண்பதாம் கல்யாணம், 2004, அதுல இருக்கு. தாத்தா போய்ட்டாங்க. அவங்க குரல் இருக்கிறது அந்த டேப்ல மட்டும்தான். ஆச்சிக்கு அதை டிவில பார்க்கணும், சாயங்காலம், யாரையும் கூப்பிடாம, தானே.

இங்கதான் வந்துச்சு சிக்கல். மினிடிவி ஒரு மணி நேரத்துக்கு கிட்டத்தட்ட 13 ஜிபி. அந்த ஃபைலை எங்க டிவி தொடவே மாட்டேங்குது. அப்போ பொட்டியே அதை டிவிக்குப் புரியுற மாதிரி ஓட ஓட மாத்திக் கொடுக்கணும். டிரான்ஸ்கோடிங். அதுக்கு ப்ராசஸர் உழைக்கணும், உழைச்சா சூடாகும், சூடானா ஃபேன் வேகமெடுக்கும். சென்னை மே மாசத்துல கேக்கவே வேணாம். 'சத்தம் போடக்கூடாது', 'எல்லாத்தையும் ஓட்டணும்' ரெண்டுமே கேட்டா ரெண்டும் குடுமிப்பிடி சண்டை போடும்.

ரெண்டு நாள் யோசிச்சப்புறம் தோணுச்சு: ஒவ்வொரு தடவையும் ஏன் மாத்தணும்? ஒரே தடவை லேப்டாப்ல ஹேண்ட்பிரேக் போட்டு எச்.264 ஆக்கிட்டா முடிஞ்சது. பழைய கேமரா படம் ஒத்தை வரி இரட்டை வரியா வரும், தலையாட்டினா சீப்புப் பல் மாதிரி கோடு தெரியும். அதையும் அப்பவே சரி பண்ணிடலாம். மணிக்கு 3 ஜிபிக்குள்ள வந்துடுது. மூல ஃபைலை மட்டும் தூக்கிப் போடாதீங்க, அது தனியா இருக்கட்டும்.

இதுக்கப்புறம் பொட்டி தேர்வு சுலபமாயிடுச்சு. டிவியே நேரா ஓட்டுற ஃபைலை அனுப்ப பெரிய மூளை வேணாம். 4கே ப்ளூரேயே உச்சத்துல விநாடிக்கு 128 மெகாபிட்தான். தமிழ் சப்டைட்டில் சில சமயம் படமா வந்து கழுத்தை அறுக்கும், டிடிஎஸ் ஆடியோ சில டிவில ஊமையாகும். அதுக்காக இன்டெல் ப்ராசஸர் இருக்கிறதா ஒண்ணு போதும்னு சினாலஜி டிஎஸ்224+ எடுத்தேன். 2023ல வந்தது. அவங்களோட வீடியோ ஸ்டேஷனை 2024ல டிஎஸ்எம் 7.2.2லயே தூக்கிட்டாங்க, அதனால ஜெல்லிஃபின் போட்டுக்கிட்டேன். மினி பிசி வாங்கி எல்லாத்தையும் நானே கட்டலாமேன்னு கேப்பீங்க. ஆபீஸ்ல பார்க்கிற லினக்ஸ் போதும்ங்க, வீட்லயுமா?

டிஸ்க் விஷயத்துலதான் வீட்ல சண்டை. எங்க மொத்தச் சரக்கு 2 டிபிக்குள்ள அடங்கிடும். அதனால எஸ்எஸ்டி ஒண்ணே ஒண்ணு. விலையைக் கேட்டு அப்பா முறைச்சார். ரெண்டு டிஸ்க் போட்டு ரெய்டு வைக்கலாமேன்னு தம்பி. ரெய்டு ஒரு டிஸ்க் செத்தா காப்பாத்தும். கைதவறி அழிச்சா ரெண்டுலயும் சேர்த்து அழிக்கும். அந்தக் காசுக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, மாசம் ஒருக்கா காப்பி எடுத்து தாம்பரத்துல சித்தி வீட்ல வச்சிடுறோம். கரண்ட் போறதுக்கு ஒரு சின்ன யுபிஎஸ், யுஎஸ்பி ஒயரால பொட்டியோட கோத்து. ரொம்ப நேரம் கரண்ட் வரலன்னா பொட்டி தன்னைத்தானே பத்திரமா நிறுத்திக்கும்.

இப்போ ஹால்ல கேக்குறது சீலிங் ஃபேன் சத்தம் மட்டும்தான். ஆச்சிக்கு ரிமோட்ல மூணு பட்டன் பழக்கிட்டேன். எண்பதாம் கல்யாணத்துல தாத்தா ஐயர்கிட்ட "சீக்கிரம் முடியும், பசிக்கி"ன்னு சொல்ற இடத்தை மட்டும் நாலஞ்சு தடவை ரீவைண்ட் பண்ணுறாங்க. "இவுகளுக்கு எப்பவும் சோத்து நெனப்புதான்"னு ஒரு திட்டு வேற :-)

நாற்பதுல ஆறு டேப் இன்னும் கம்ப்யூட்டருக்குள்ள ஏறல. ஃபயர்வயர் கார்டு இருந்த அப்பாவோட பழைய டெஸ்க்டாப் போய்டுச்சு. இப்ப வர்ற லேப்டாப்ல அந்த ஓட்டையே கிடையாது, ஆப்பிள்காரங்களும் 2025ல வந்த மேக்ஓஎஸ் 26ல ஃபயர்வயரைக் கைகழுவிட்டாங்க. கேம்கார்டர் இன்னும் ஓடுது, எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது. மக்கா, யார் வீட்டுப் பரண்லயாவது ஃபயர்வயர் இருக்கிற பழைய லேப்டாப் தூங்கிட்டு இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒரு வாரத்துல பத்திரமாத் திருப்பித் தந்துடுறேன்.