பல்லுக்கும் தொட்டிக்கும் ஒரே ரெசின்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆசிட் தொட்டிகளுக்கு எஃப்ஆர்பி (கண்ணாடி நார் பிளாஸ்டிக்) லைனிங் போடும் பட்டறையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. வினைல் எஸ்டர் ரெசினில் கோபால்ட் கலந்து, கேட்டலிஸ்ட் ஊற்றி, கண்ணாடி நார் மேட்டின் மேல் ரோலர் ஓட்டுவார்கள். ரெசின் பட்ட கைகள் சிவந்து, அரித்து, வெடிப்பதை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறேன். அதனால்தான் திருவள்ளூரில் பல் டாக்டரம்மா, "சொத்தை ஆழமா இல்ல சார், ரெசின் வச்சு அடைச்சிடலாம்" என்றபோது உடனே தலையாட்ட முடியவில்லை.

என் பயம் வெறும் பயமல்ல. பல் ரெசின்கள் பலவற்றில் முக்கியப் பொருள் பிஸ்-ஜிஎம்ஏ. அதற்கு அமெரிக்காவின் ரஃபேல் போவன் 1962-இல் காப்புரிமை பெற்றார். எங்கள் வினைல் எஸ்டரும் அமைப்பில் கிட்டத்தட்ட அதேதான். நாங்கள் ஸ்டைரீனில் கரைக்கிறோம், பல்லுக்கு வேறொரு மெத்தாக்ரிலேட்டில் கரைக்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் பிஸ்பீனால் ஏ, குழந்தைகளின் பால்புட்டியில் கூடாதென்று இந்தியத் தரவிதி விலக்கிய பொருள்.

பட்டறையில் கேட்கும் கேள்வியையே அவரிடமும் கேட்டேன்: "முழுசா க்யூர் ஆகுமா மேடம், இறுகிடுமா?" அவர் முகம் மலர்ந்தது. ரெசினை இறுக்கும் நீல ஒளி ஆழம் போகாது, அதனால் இரண்டு மில்லிமீட்டர் அளவாக வைத்து ஒவ்வொரு அடுக்கையும் இறுக்க வேண்டும் என்றார். காற்றுப் படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும், அதைத் தேய்த்து எடுத்து மெருகேற்ற வேண்டும். எங்களுக்கும் இதே தொல்லைதான். கடைசிப் பூச்சில் மெழுகு கலக்கிறோம், அசிட்டோன் துணியால் தேய்த்துப் பார்க்கிறோம்.

நன்றாக இறுகிய அடைப்பிலும் வினைபுரியாத ரெசின் கொஞ்சம் மிஞ்சும். அதிலிருந்து வெளியேறுவதில் பெரும்பகுதி முதல் ஓரிரு நாளில் எச்சிலில் கரைந்துவிடும். பிஸ்பீனால் ஏ வெளிவருவது மிகச் சொற்பம். ஆனாலும் 2012-இல் வெளியான நியூ இங்கிலாந்து ஆய்வில், பிஸ்-ஜிஎம்ஏ அடைப்பு அதிகமிருந்த பிள்ளைகளின் மனநல மதிப்பீடு சற்றுப் பின்தங்கியிருந்தது. காரணம் அதுதான் என்று நிறுவப்படவில்லை. பிள்ளைகளுக்கென்றால் டாக்டரிடம் விவரமாகக் கேட்பது நல்லது. பழைய வெள்ளி அடைப்புக்கே திரும்பலாமென்றால், அதில் ஏறத்தாழப் பாதி பாதரசம். ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் அந்த அடைப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது.

நான் அடைத்துக்கொண்டேன். என் பார்வையில், நோயாளியைவிட அதிக ஆபத்து இறுகாத ரெசினை நாள்தோறும் தொடுகிறவர்களுக்கு. பல் டாக்டர்களுக்கும் உதவியாளர்களுக்கும் விரல்நுனியில் ஒவ்வாமை வருவது மருத்துவம் அறிந்த விஷயம். மெல்லிய லேடெக்ஸ் கையுறையை மெத்தாக்ரிலேட் சில நிமிடங்களில் கடந்துவிடும். அதனால் என் டாக்டரம்மா ரெசினைக் கருவியாலேயே எடுத்து வைக்கிறார், விரல் படுவதில்லை.

எங்கள் பட்டறைப் பிள்ளைகளின் கைகளுக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. பட்டறை முதலாளிகளே, ரெசினோடு வரும் பாதுகாப்புத் தாளைப் படியுங்கள். அதில் சொல்லியிருக்கும் கையுறையையே வாங்கிக் கொடுங்கள்.