அம்மாவுக்கு என்ன அவசரம்?

நேயர்களே, முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். பெற்ற தாயாரின் பேச்சை மாதக்கணக்கில் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்டவள் நான்.

நீங்களும் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம்! வாட்ஸ்அப்பில் குரல் செய்தி ஓடும்போது பக்கத்தில் ஒரு குட்டிப் பொத்தான் தோன்றுகிறதல்லவா? ஒரு முறை தொட்டால் ஒன்றரை மடங்கு. மறுபடி தொட்டால் இரண்டு. இன்னொரு முறை தொட்டால் பழையபடி ஒன்று. 2021-இல் வந்த வசதி. கும்பகோணத்திலிருந்து அம்மா அனுப்பும் நாலு நிமிஷச் செய்தி, குழம்பு ஒரு கொதி வருவதற்குள் முடிந்துவிடும்.

தாத்தா காலத்துப் பெட்டியில் 33⅓ சுற்று இசைத்தட்டை 78-இல் ஓட்டினால் எப்பேர்ப்பட்ட வித்வானும் கீச்சுக் குரலில் கத்துவார். போனில் அந்தத் தொல்லை இல்லை. ஒலியைப் பொடிப் பொடியாக நறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி நெருக்கி அடுக்கி விடுகிறது, ஸ்தாயி மாறுவதில்லை. அம்மாவின் குரல் அம்மாவின் குரலாகவே இருந்தது. நான் ஏமாந்ததும் அதனால்தான்.

போன தை மாதம் ஒரு செய்தி. முருங்கை காய்த்தது, பால்காரர் பையனுக்குக் கல்யாணம், கண் டாக்டரிடம் போனேன், ஒன்றுமில்லை என்றார். கேட்டேன், 'சரி அம்மா' என்று பதில் போட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடினேன்.

இரவு என் பெண் அதையே எடுத்து வைத்துக்கொண்டு, "பாட்டி ஏம்மா இப்படி ஓடறாங்க?" என்று பொத்தானைத் தட்டி ஒன்றுக்குக் கொண்டு வந்தாள்.

"கண் டாக்டர்கிட்டே போனேன்..." அப்புறம் பேச்சில்லை. கூடத்துக் கடிகாரம் மட்டும் டிக் டிக்கென்றது. ஒரு மூச்சு. தொண்டையைச் செருமும் சத்தம். பிறகுதான், "ஒண்ணுமில்லைன்னார்."

வேகத்தைக் கூட்டினால் வார்த்தை மட்டுமா சுருங்குகிறது? அந்த மௌனமும் பாதியாகிவிட்டது. காலையில் என் காதில் அது விழவே இல்லை.

"பாட்டி அழறாங்களாம்மா?" என்றாள் குழந்தை.

உடனே கூப்பிட்டேன். "சாப்பிட்டாயா?" என்று சுற்றி வளைத்துவிட்டு, மெல்லச் சொன்னாள் அம்மா. கண்ணிலே பிரஷராம். போன பார்வை போனதுதானாம். இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்ற வேண்டுமாம். "நீயே ஓடிக்கிட்டிருக்கே, உனக்கு எதுக்குன்னு..."

அந்த ஞாயிற்றுக்கிழமையே கும்பகோணம் போய் வந்தேன்.

குடியிருப்புச் சங்கக் காரியதரிசியின் செய்திகளை இன்றும் இரண்டு மடங்கில்தான் கேட்கிறேன். அதில் எனக்கு வெட்கமில்லை. அம்மாவினுடையது ஒன்றில். சென்ற வாரம் ஏழு நிமிஷம் பேசியிருந்தாள். மூன்று நிமிஷம் எதிர்வீட்டுப் பூனையைப் பற்றி. சொட்டு மருந்து விட்டாளா என்பதற்கு மட்டும் ஒரு வார்த்தை இல்லை. போன் போட்டுத்தான் கேட்க வேண்டியிருந்தது.