வாக்குறுதி புதுப்பித்த பின் ஒரு பகல்: ஹெந்தளையில்

திருமணமாகி இருபத்தைந்து ஆண்டுகள் நிறையும்போது கணவனும் மனைவியும் தேவாலயத்துக்குச் சென்று, பூசையில் கைபிடித்துத் தமது திருமண வாக்குறுதியைப் புதுப்பித்துக்கொள்வது கத்தோலிக்கக் குடும்பங்களில் உள்ள வழக்கம். சைவக் குடும்பங்களில் கணவருக்கு அறுபது வயது நிறையும்போது மணிவிழா எடுப்பார்கள். தமிழ்நாட்டில் இதற்கென்றே திருக்கடையூர்க் கோயிலுக்குப் போகிறவர்கள் பலர். எந்தச் சடங்கானாலும் பெரும்பாலும் காலையிலேயே முடிந்துவிடும். அதற்குப் பின்வரும் நீண்ட பகலை எப்படிக் கழிப்பது? எங்கள் வீடுகளில் இதற்கு வழமையாக ஒரே பதில்தான் உண்டு. பெரிய சமையல். யாருக்கு விழாவோ அந்தப் பெண்ணே பட்டுச்சேலையை அவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விடுவாள்.

2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை என் அக்காவுக்கும் அத்தானுக்கும் வெள்ளிவிழா. அவர்கள் 1999 தையில் மடுவில் மணமுடித்தவர்கள். அப்போது நாங்கள் மடுத் தேவாலயத்தைச் சுற்றியிருந்த அகதி முகாமில் இருந்தோம். அக்கா உடுத்தது இரவல் சேலை. விருந்து என்றால் தேநீரும் பிஸ்கற்றும். அன்றிரவு ஒரே தறப்பாளின் கீழ் பதினொரு பேர் படுத்திருந்தோம். புதுமணத் தம்பதியும் அந்தப் பதினொரு பேருக்குள்தான். இரண்டு மாதத்தில் மடுவை இராணுவம் பிடித்தது. அதே ஆண்டு கார்த்திகையில் தேவாலய வளவுக்குள்ளேயே ஷெல் விழுந்து நாற்பது பேரளவில் இறந்தார்கள். அதற்கு முன்பே அக்கா குடும்பம் கொழும்புக்கு வந்துவிட்டது. முதலில் கொட்டாஞ்சேனையில் ஓர் அறை. பிள்ளைகள் பிறந்த பின் வாடகை கட்டாமல் களனி ஆற்றைத் தாண்டி ஹெந்தளைக்குப் போனார்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் பல அப்படித்தான் அந்தப் பக்கம் குடியேறின.

எனக்குப் போவதா விடுவதா என்று இருந்தது. என் கணவர் 2009 சித்திரையிலிருந்து காணாமற்போனோர் பட்டியலில் இருக்கிறார். மங்கல காரியங்களில் எங்களைப் போன்றவர்கள் பின்வாங்கில் இருந்து பழகிவிட்டோம். அக்கா தொலைபேசியில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னா: "நீ வராட்டி மோதிரத் தட்டை ஆர் பிடிக்கிறது?" மன்னாரிலிருந்து இரவு பஸ் ஏறி, விடியற்காலை வத்தளையில் இறங்கி, ஹெந்தளைச் சந்தியில் ஓட்டோ பிடித்தேன். ஆறரைப் பூசையில் தட்டைப் பிடித்தது நான்தான். முன்வரிசையில் ஒரு மூதாட்டி முகத்தைத் திருப்பியதைக் கண்டேன். குருவானவர் மோதிரங்களை மந்திரித்தபோது தட்டு ஆடவில்லை. வெள்ளிவிழாவுக்கு வெள்ளி மோதிரமே போதும் என்று அக்கா முதலே முடிவெடுத்திருந்தா. தங்கம் விற்கும் விலையில் அது நல்ல முடிவுதான். சேலையும் வெளிர்நிறக் கைத்தறிச் சேலை. பிறகு ஞாயிறு பூசைக்கும் உடுக்கலாம்.

பூசை முடிந்ததும் வாசலிலேயே எல்லோருக்கும் கேக்கும் கோப்பியும் கொடுத்தோம். அத்துடன் உபசரிப்பு முடிந்தது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவந்தேன். வந்தவர்களை வாசலில் வைத்து வாழ்த்தி அனுப்பிவிட்டால் பகல் முழுவதும் அந்த இருவருக்குச் சொந்தமாகிவிடும். வீட்டுக்கு அழைத்தால் அவர்கள் பரிமாறுகிறவர்களாக மாறிவிடுவார்கள்.

அங்கிருந்து நாங்கள் ஆறு பேரும் ஒரு வானில் பமுனுகமை வீதியால் வடக்கே போனோம். இந்த வீதிக்குத் துணையாகவே ஹமில்டன் கால்வாய் ஓடுகிறது. ஊரவர் ஒல்லாந்தர் கால்வாய் என்பார்கள். உண்மையில் இதை வெட்டியவர்கள் ஆங்கிலேயர்கள். 1802இல் தொடங்கி 1804இல் முடித்தார்கள். களனி ஆற்றுப் பக்கத்திலிருந்து நீர்கொழும்பு வரை போகிறது.

ஒல்லாந்தர் உண்மையாகவே விட்டுப்போனது ஹெந்தளைத் தொழுநோய் வைத்தியசாலை. 1708இல் அமைக்கப்பட்டது. 1901ஆம் ஆண்டுச் சட்டம் நோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க இடமளித்தது. கணவனிடமிருந்து மனைவி, பிள்ளையிடமிருந்து தாய் என்று பிரிக்கப்பட்டு, நோய் மாறிய பின்னும் போக வீடில்லாமல் அங்கேயே முதுமை அடைந்தவர்கள் உண்டு. இன்று தொழுநோய் மாத்திரைகளால் முற்றாக மாறும். மருந்தும் இலவசம். தோலில் உணர்வற்ற, நிறம் மங்கிய தழும்பு கண்டால் ஒளிக்காமல் வைத்தியரிடம் காட்டவேண்டும். அன்று காலை அக்காவும் அத்தானும் நோயிலும் பிரியமாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். வைத்தியசாலையைப் பற்றி அத்தான் பிள்ளைகளுக்குச் சொன்னபோது வானுக்குள் கொஞ்ச நேரம் ஒருவரும் கதைக்கவில்லை.

போப்பிட்டியவில் முத்துராஜவெல சதுப்புநிலத்தைப் பார்ப்பவர்களுக்கான நிலையம் இருக்கிறது. அங்கிருந்து படகில் போகலாம். மூவாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட இந்தச் சதுப்பு நிலத்தின் வடபகுதி 1996இல் சரணாலயமாக்கப்பட்டது. வெயில் ஏறமுன் போவது நல்லது. அப்போதுதான் பறவைகளைக் காணலாம். கண்டல் மரங்களுக்குக் கீழே படகு மெதுவாகப் போகும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவிட்டபடி நிற்கும். கபரகொய்யா ஒன்று எங்களைக் கண்டும் அசையவில்லை. படகென்றால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வேறு நினைவுகள் வரும். இரவில், சத்தமில்லாமல், பிள்ளையின் வாயைப் பொத்திக்கொண்டு கடல் தாண்டிய நினைவு. அக்கா முதல் கொஞ்சத் தூரம் படகின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தா. பிறகு கையை எடுத்துத் தண்ணீரில் விட்டா.

மத்தியானச் சாப்பாடு வெளியில் சொல்லி எடுத்தது. வாழையிலை, சோறு, இறால், கத்தரிக்காய்ப் பால்கறி, பொரியல். அதற்குப் பின் எல்லோரும் நித்திரை. விழா நாளில் பகல் நித்திரையா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். விடிய நாலு மணிக்கு எழும்பிய பெண்ணுக்கு அதைவிட நல்ல பரிசு எனக்குத் தெரியவில்லை.

செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். இருநூறு பேருக்கு மண்டபம் எடுக்கும்படி உறவினர் சிலர் சொன்னார்கள். கடன் தருவதற்கும் ஆள் இருந்தது. நுண்கடன் எங்கள் மாவட்டங்களில் எத்தனை பெண்களின் நித்திரையைக் கெடுத்தது என்பதை நேரில் பார்த்தவள் நான். பிடிவாதமாக வேண்டாமென்றேன். இன்னொரு விடயம். வாக்குறுதி புதுப்பிப்பது இரண்டாவது திருமணம் அல்ல, அதைப் பதிவு செய்யவும் தேவையில்லை. ஆனால் இடப்பெயர்வில் முதல் திருமணப் பத்திரத்தையே தொலைத்தவர்கள் பலர். திருமணம் பதிவான பகுதியின் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம். பதிவே செய்யாமல் வாழ்பவர்கள் விழாவுக்கு முன் பதிவைச் செய்துகொள்ளுங்கள். காணி, ஓய்வூதியம், பிள்ளைகளின் பத்திரங்கள் எல்லாவற்றுக்கும் அது வேண்டிவரும். எனக்கு அது எத்தனை கந்தோர்களில் தேவைப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும்.

பின்னேரம் நாலரைக்குக் கடற்கரை. தை மாதத்தில் மேற்குக் கடல் அமைதியாக இருக்கும். ஹெந்தளைக் கடலோரத்தில் பெகாசஸ் றீவ் என்ற பெரிய ஹோட்டல் இருக்கிறது. கொழும்பில் வசதியானவர்களின் கலியாணங்கள் நடக்கும் இடம். அங்கே இரண்டு பேருக்கு மட்டும் மாலைத் தேநீர் என்பது அக்காவின் பிள்ளைகள் சேர்த்துவைத்த காசில் செய்த ஏற்பாடு. பெற்றோரை வாசலில் விட்டுவிட்டு நாங்கள் மணலுக்குப் போனோம். அத்தான் ஒருமுறை திரும்பிப் பார்த்தார், நாங்களும் வருவோமென்று நினைத்தார் போலும். மகள் கையைக் காட்டிப் போகச் சொன்னாள்.

கரையில் நின்றால் தெற்கே கொழும்புத் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். கிட்டவே 2013இல் திறந்த திக்கோவிட்ட மீன்பிடித் துறைமுகம். 2021இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து மூழ்கியபோது இந்தக் கரையோரம் முழுவதும் பிளாஸ்ரிக் மணிகள் ஒதுங்கின. மீனவக் குடும்பங்கள் நாட்கணக்காகக் கடலுக்குப் போகமுடியாமல் இருந்தன. மருமகன் மணலைக் கிண்டி இன்னும் நாலைந்து மணிகளை எடுத்துக் காட்டினான்.

சூரியன் கடலுக்குள் இறங்கி வெளிச்சம் மங்கும் நேரத்தில்தான் அவர்கள் வெளியே வந்தார்கள். இவ்வளவு நேரமும் என்ன கதைத்தீர்கள் என்று மகள் கேட்டாள்.

"ஒண்டும் கதைக்கேல்லை. கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தனாங்கள்" என்றார் அத்தான்.

தேநீர் இரண்டு தரம் கேட்டு வாங்கினார்களாம். இரண்டு தரமும் ஊற்றிக் கொடுத்தது அத்தான்தான் என்று அக்கா என் காதுக்குள் சொன்னா.